நீலம் படாத நாலு இடம்

போன மாதம் ஒரு கல்யாண வீட்டில், பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த ஒருத்தி, பாயசத்தை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள்: "உங்கப்பாதானே குடிச்சிட்டு ரொட்டிக்கடைச் செவுத்துல லாரிய உட்டாரு?" பந்தியில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரும் என் வயதுக்காரர்கள். எல்லோரும் ஒரே தெருவில் மூக்கு ஒழுகத் திரிந்தவர்கள்தான். நான் இலையை மடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

எழுந்து வந்தது தப்பு. அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். அறுபது வருஷமாக இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. அதனால் நம் தெருக்காரர்கள் உங்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரே தடவையாக இங்கே எழுதுகிறேன். எனக்கு அழகாக எழுத வராது. நடந்ததை நடந்தபடி சொல்ல வரும்.

அப்பா மல்லாட்டை முதலாளியிடம் லாரி ஓட்டினார். முப்பதுகளில் நம் புதுச்சேரியில் எத்தனை லாரி இருந்தது என்று உங்களுக்கே தெரியும். அது வந்தால் நாமெல்லாம் கூடவே ஓடுவோம். தவளக்குப்பம் பக்கத்துக் களங்களில் நிலக்கடலை மூட்டை ஏற்றி, கிடங்கில் இறக்கி, கப்பல் வந்து நின்றால் கடலுக்குள் நீளும் கடற்கரைப் பாலத்துக்குக் கொண்டுபோக வேண்டும். உள்ளே ஏறினால் பெட்ரோல், சாக்குத் தூசி, கடலைத்தோல் எல்லாம் கலந்த ஒரு வாசனை. ரப்பர் பந்து வைத்த ஊதல். அதை அமுக்க அப்பா என்னைத் தவிர யாரையும் விட்டதில்லை. இன்ஜினைக் கிளப்ப முன்னால் சொருகிச் சுற்றுகிற இரும்புக் கைப்பிடி எதிர்த்து உதைத்ததில் அப்பாவின் இடது மணிக்கட்டு ஒருமுறை உடைந்து, கோணலாகவே சேர்ந்திருந்தது.

வருஷத்தில் ஒரு நாள் அந்த லாரி தேராகும். ஆகஸ்ட் மாதத்து மாதா திருநாளுக்கு, மூட்டை ஏற்றும் பலகை மேல் பந்தல் போட்டு, மாதா சுரூபத்தை ஏற்றி, தெருத் தெருவாக மெதுவாக ஓட்டிப் போவார்கள். அது முதலாளியின் நேர்த்திக்கடன். அதற்கு முன் லாரி முழுக்க நீல பெயிண்ட் அடிக்க வேண்டும். அதுவும் நேர்த்திக்கடன்தான். முதலாளி கிடங்கு வாசலில் நின்று சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

"மாதா ஏறுற வண்டி. நீலம் படாத எடம்னு ஒண்ணு இருக்கக்கூடாது."

"அடியில எல்லாம் எதுக்குங்க முதலாளி? யாரு குனிஞ்சி பாக்கப் போறா?" என்றார் அப்பா.

"மாதா பாப்பாங்க."

இதற்கு மேல் ஒரு டிரைவர் என்ன பேசுவார்? அப்பா மேலே அடித்தார். அடியில் நான் புகுந்தேன். எனக்கு அப்போது பத்து வயது, ஒல்லி. சாக்கைப் பரப்பி மல்லாந்து படுத்துக்கொண்டு, குதிரைமுடி பிரஷ்ஷால் அச்சு, பட்டைவில், கம்பி எல்லாவற்றுக்கும் நீலம் அடித்தேன். கண்ணில் சொட்டியது. வாயிலும் சொட்டியது. அந்தக் கசப்பு ரெண்டு நாள் போகவில்லை. முன் சக்கரம் இரண்டுக்கும் உள்பக்கத்தில், மேலே ஒன்று கீழே ஒன்றாக, பித்தளையில் சின்னச் சின்ன மொட்டுகள் இருந்தன. மொத்தம் நாலு. செபமாலை மணி மாதிரி இருந்தன. பார்க்க அழகாக இருந்ததால் அந்த நாலுக்கு மட்டும் ரெண்டு கோட் அடித்தேன்.

அவை கிரீஸ் நிப்பிள் என்று எனக்குத் தெரியாது. அப்பாவுக்குத் தெரியும். அவர் குனிந்து பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. திருநாள் நெருக்கத்தில் கூரை மேல் நின்றுகொண்டிருந்தார். அவர் செய்த தப்பு அது ஒன்றுதான். அதை மறைக்க மாட்டேன்.

லாரியில் வேலை தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். முன் அச்சு திரும்பாது. அச்சின் ரெண்டு முனையிலும் செங்குத்தாக ஒரு தடித்த இரும்பு முளை நிற்கும். அதற்குக் கிங்பின் என்று பெயர். கதவு கீல் மேல் திரும்புகிற மாதிரி சக்கரம் அந்த முளையின் மேல்தான் இடமும் வலமும் திரும்பும். அந்த நிப்பிள் வழியாகத்தான் முளைக்குக் கிரீஸ் போகும். கிரீஸ் போகவில்லை என்றால் முளையும் அதைச் சுற்றியிருக்கிற புஷ்ஷும் ஒன்றை ஒன்று தின்னும்.

தின்றது. ஐப்பசி மழையில் சேற்றுத் தண்ணீர் வேறு உள்ளே போனது. கிறிஸ்துமஸ் கழிந்ததும் அப்பா வீட்டில் சொல்ல ஆரம்பித்தார். "வண்டி வலது பக்கம் இழுக்குது. கொஞ்சம் வேகம் புடிச்சா முன்சக்கரம் தலையாட்டுது." ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை அழைத்துப்போய் வலது டயரைத் தடவச் சொன்னார். முன்பக்கமாகத் தடவினால் வழவழவென்று இருந்தது. திருப்பித் தடவினால் பூனை நாக்கு மாதிரி கையைப் பிறாண்டியது. வெளி ஓரம் மட்டும் கத்தியால் சீவினது போலத் தேய்ந்திருந்தது.

"நேரா உருளுற டயரு இப்பிடித் தேயாது பாப்பா. இது உருளல. இத இழுத்துக்கினு போறோம்."

கிடங்கில் வண்டி பார்க்கும் மேஸ்திரி ஒருவர் இருந்தார். பதினைந்து நாளைக்கு ஒருமுறை கிரீஸ் அடிப்பது அவர் வேலை. பம்ப்பை நிப்பிளில் வைத்து அழுத்துவார். கிரீஸ் வெளியே பிதுங்கும். நிறைந்துவிட்டது என்று துணியால் துடைத்துவிட்டுப் போய்விடுவார். உள்ளே ஒரு பொட்டுகூடப் போகவில்லை என்பது அந்த மனுஷனுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அக்கறையும் இல்லை.

அப்பா போய்ச் சொன்னதும் மேஸ்திரி நூலை எடுத்தார். பின்சக்கரத்திலிருந்து முன்சக்கரம் வரை நூல் பிடித்தார். முன்சக்கரம் ரெண்டுக்கும் நடுவில் முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு என்று மூங்கில் குச்சி வைத்து அளந்தார். குறுக்குக் கம்பியைக் கொஞ்சம் திருகினார். நிற்கிற வண்டி, மூட்டை இல்லாத வண்டி. அதில் எல்லாம் சரியாகத்தான் இருக்கும்.

"நூல் நேரா இருக்கு, சக்கரம் நேரா இருக்கு. ஓட்டுற ஆளுதான் கோணலு" என்றார்.

இப்படி மூன்று தடவை. மூட்டை ஏற்றி நோணாங்குப்பம் தாண்டுவதற்குள் மறுபடியும் தலையாட்டும். பிடிமானமே இல்லாத சக்கரத்தை நூல் வைத்து நேராக்குவது, ஆடுகிற பல்லுக்குப் பல்பொடி போடுகிற வேலை.

அப்புறம் தவக்காலம் வந்தது. நம் தெருவில் தவக்காலம் என்றால் ஆண்கள் நாற்பது நாள் குடிக்க மாட்டார்கள். நாற்பது நாளுக்கும் சேர்த்து ஈஸ்டர் அன்றைக்குக் குடிப்பார்கள். இல்லை என்று எவனாவது சொல்லட்டும் பார்ப்போம். அப்பாவும் முன்னெல்லாம் குடித்தவர்தான். அந்த வருஷம் ஈஸ்டருக்கு அவர் தொடவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "வண்டி சரியில்ல. நானாவது சரியா இருக்கணும்" என்றார். இதை அவர் என்னிடம்தான் சொன்னார். தெருவிடம் சொல்லவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை, காலை. முழு மூட்டை. ரொட்டிக்கடை மூலையில், ஆள் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வருகிற புஸ்புஸ் வண்டி ஒன்று குறுக்கே வந்தது. அப்பா பிரேக்கை மிதித்தார். முன்சக்கரம் ரெண்டும் படபடவென்று உதறின. வண்டி வலது பக்கம் பாய்ந்து ரொட்டிக்கடைச் சுவரில் போய் நின்றது. சுவர் விழுந்தது. உள்ளே மாவு பிசைந்துகொண்டிருந்தவருக்குக் கால் எலும்பு முறிந்தது. நான் வீட்டிலிருந்து ஓடிப் போய்ப் பார்த்தபோது அப்பா தலையிலிருந்து கால் வரை மாவு அப்பிக்கொண்டு, அந்த மனுஷனின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ரெண்டு பேரும் வெள்ளையாக இருந்தார்கள். அதைப் பார்த்துச் சிலர் சிரித்தீர்கள். எனக்கு ஞாபகம் இருக்கிறது.

ஈஸ்டருக்கு மறுநாள். வேறு என்ன நினைப்பார்கள்?

"ராத்திரி ஏத்துனது எறங்கல போலக்குது."

"நாப்பது நாளு காஞ்ச வயிறு, புடிக்குமா?"

அம்மா வந்தாள். தெரு முழுக்கப் பார்க்க, அப்பாவின் முகத்துக்கு நேரே போய் நின்று, "வாய ஊது" என்றாள்.

"நான் குடிக்கலடி."

"ஊதுய்யா."

அப்பா ஊதினார். வாடை இல்லை. அப்புறம் கூட்டத்தில் ஒரு கிழவர், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர், விஷயம் தெரிந்தவர் மாதிரி சொன்னார்: "ஒயினா இருக்கும். நல்ல ஒயினுக்கு வாடை தெரியாது." எல்லோரும் தலையாட்டினார்கள். அம்மாவும் தலையாட்டினாள். வாடை வந்திருந்தால் சாராயம். வராவிட்டால் ஒயின். எந்தப் பக்கம் போனாலும் அப்பா குடிகாரர்தான்.

முதலாளி அன்று மாலையே ஆள் அனுப்பினார். அப்பா போனார். நானும் கூடப் போனேன்.

"வர்ற மாசம் வேற டிரைவர் வர்றாம்பா. அதுவரைக்கும் நீ வண்டியத் தொட வேணாம்."

"முதலாளி, வண்டியில கோளாறு இருக்கு. நாலு மாசமா சொல்லினு இருக்கேன்."

"மேஸ்திரி மூணு தடவ பாத்துட்டாரு. நேரா இருக்குங்கறாரு. மாதா ஏறுற வண்டிப்பா. குடிகாரன் கையில குடுக்க மாட்டேன்."

அப்பாவுக்கு இந்த ஊரில் வேறு லாரி கிடையாது. அந்தப் பெயரோடு வேறு எந்த முதலாளியும் சேர்க்கவும் மாட்டான். அதைவிட, வீட்டில் அம்மா பேசுவதை நிறுத்திவிட்டாள். தட்டை வைப்பாள், போய்விடுவாள்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் அப்பா என்னிடம், "வரியா பாப்பா, பிரேக்கு மிதிக்க ஆளு வேணும்" என்றார். கிடங்குக் காவலாளி அப்பாவுக்குச் சிநேகம். கதவைத் திறந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டார். உள்ளே வெயில் தகரத்தின் ஓட்டை வழியாகக் காசு காசாக விழுந்திருந்தது. லாரியின் மூக்கு நசுங்கி இருந்தது.

அப்பா ஜாக்கி வைத்து வலது முன்சக்கரத்தைத் தூக்கினார். மேலே ஒரு கை, கீழே ஒரு கை வைத்து உள்ளேயும் வெளியேயும் ஆட்டினார். கடக், கடக்.

"கேட்டியா?"

"கேட்டுதுப்பா."

"இது சக்கரத்து பேரிங்கா இருக்கலாம், கிங்பின்னா இருக்கலாம். இப்ப ஏறி பிரேக்க அமுத்து. பிரேக்கு புடிச்சா சக்கரம் பின்னாலிருக்கிற தட்டோட ஒட்டிக்கும். பேரிங்கா இருந்தா ஆட்டம் நின்னுடும்."

நான் ஏறி, உட்கார்ந்தால் கால் எட்டாது என்பதால், நின்றுகொண்டே ரெண்டு காலாலும் மிதித்தேன். ஸ்டீயரிங்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். கீழே மறுபடியும் கடக், கடக். சத்தம் கொஞ்சம்கூடக் குறையவில்லை. அப்பா சிரித்தார். ஒரு வாரத்துக்குப் பிறகு அன்றுதான் சிரித்தார்.

"கிங்பின்னுதான்! நான் குடிக்கல, அதுதான் குடிச்சிட்டு ஆடுது!"

பிரேக்குக்குக் கட்டை முட்டுக் கொடுத்துவிட்டு என்னை அடியில் போய் எந்த இடம் ஆடுகிறது என்று பார்க்கச் சொன்னார். போன வருஷம் படுத்த அதே இடம். அப்பா ஆட்ட ஆட்ட, அச்சின் முனைக்கும் சக்கரத்தைத் தாங்குகிற இரும்புக்கும் நடுவில் என் விரல் நகம் நுழைகிற அளவு இடைவெளி திறந்து மூடியது. அதிலிருந்து மிளகாய்த்தூள் மாதிரி சிவப்பாகத் துருத்தூள் உதிர்ந்து என் கன்னத்தில் விழுந்தது.

"கிரீஸ் இருக்குதா பாரு."

"இல்லப்பா. காஞ்சி கெடக்குது."

"எப்பிடி? பம்ப்பு வெக்கறத நானே பாத்தேனே. நிப்பிளு எப்பிடி இருக்கு?"

"நிப்பிளுன்னா?"

"பித்தளையில சின்னதா, மொட்டு மாதிரி."

நான் பார்த்தேன். நீலம். மேலே கிரீஸ் பூசித் துடைத்த கறுப்புக்கு அடியில், வழவழவென்று, ரெண்டு கோட் நீலம். நடுவில் கிரீஸ் போகிற ஓட்டையே தெரியவில்லை. என் வேலை அவ்வளவு சுத்தம்.

நான் அழவில்லை. உள்ளேயிருந்தே சொன்னேன். "அப்பா, இதுக்கு நான் பெயிண்ட் அடிச்சிட்டேன்."

ஆட்டம் நின்றது. அவர் கால்கள் மட்டும் எனக்குத் தெரிந்தன. அப்புறம் அவரே படுத்து உள்ளே வந்தார். பார்த்தார். பேனாக்கத்தியை எடுத்து அந்தப் பக்கத்து ரெண்டு நிப்பிளையும் பித்தளை தெரிகிற வரைக்கும் சுரண்டினார்.

"நீ அடிக்கல. உனக்கு ஒண்ணும் தெரியாது. ரொட்டிக்கடைக்காரன் கால ஒடைச்சவன்னு உன்ன ஒருத்தன் சொல்லக்கூடாது. புரியுதா?"

இப்போது யோசித்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. தன்னைக் காப்பாற்ற இருந்த ஒரே சாட்சியை அந்த மனுஷன் தன் கையாலேயே சுரண்டிப் போட்டார். எனக்காக.

சுரண்டி முடித்துவிட்டுத்தான் முதலாளியைக் கூப்பிட்டுவரக் காவலாளியை அனுப்பினார். முதலாளி வந்தார். பின்னாலேயே சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு மேஸ்திரியும் வந்தார். அப்பா சக்கரத்தை ஆட்டிக் காட்டினார். முதலாளியின் முகம் மாறியது. மேஸ்திரியின் முகம் மாறவில்லை.

"பின்னு தேஞ்சிதான் போச்சி. யாரு இல்லன்னா? குடிச்சிட்டு மேடு பள்ளம் பாக்காம அடிச்சா தேயாம இன்னா பண்ணும்? நான் தவறாம கிரீஸ் வெச்சினுதான் இருக்கேன். நிப்பிளப் பாருங்க முதலாளி, பளபளன்னு இருக்கு."

அப்பா சுரண்டின நிப்பிள். அது பளபளவென்றுதான் இருந்தது. முதலாளி குனிந்து பார்த்தார். நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தார். அந்தப் பார்வையில் முடிவு இருந்தது. அப்பா வாயைத் திறக்கவில்லை.

நான் திறந்தேன். "இந்தப் பக்கம்தான் அப்பா சொரண்டிட்டாரு. அந்தப் பக்கம் இன்னும் சொரண்டல. அங்க கிரீஸ் வெச்சிக் காட்டச் சொல்லுங்க."

"சும்மா இரு பாப்பா."

"நான் இருக்க மாட்டேன்."

மேஸ்திரிக்கு என் மேல் கோபம். சின்னப் பெண்ணுக்கு வேலை காட்டுகிறேன் என்று பம்ப்பை எடுத்து இடது பக்கம் குனிந்து அழுத்தினார். கிரீஸ் மண்புழு மாதிரி நிப்பிளைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தது. இன்னும் அழுத்தினார். இன்னும் வெளியேதான் வந்தது. "உள்ள போனா மேலயும் கீழயும் பழைய கிரீஸ் பிதுங்கணும் மேஸ்திரி" என்றார் அப்பா மெதுவாக. ஒரு பொட்டும் பிதுங்கவில்லை. முதலாளி வேட்டியை மடித்துக்கொண்டு முட்டி போட்டு, தன் கையாலேயே அந்தக் கிரீஸைத் துடைத்தார். நீலம் தெரிந்தது.

"யாரு அடிச்சது?"

"நான்தான். நீங்கதானே நீலம் படாத எடம் ஒண்ணு இருக்கக்கூடாதுன்னீங்க."

முதலாளி சிலுவை போட்டுக்கொண்டார். அவர் கெட்ட மனுஷன் இல்லை. பயந்த மனுஷன். மாதாவுக்குச் செய்த நேர்த்திக்கடனால் ஒருத்தன் கால் உடைந்தது என்பதை அவரால் விழுங்க முடியவில்லை. எழுந்ததும் அப்பாவைத் தனியாக அழைத்துப் போகவில்லை. எங்கள் முன்னாலேயே சொன்னார்.

"நீயே ஓட்டுப்பா. ரொட்டிக்கடைக்காரரு நடக்கற வரைக்கும் அவரு வூட்ட நான் பாத்துக்கறேன். ஆனா இந்தப் பெயிண்ட்டு பேச்சு இந்தக் கிடங்க வுட்டு வெளிய போகக்கூடாது. மாதா காரியத்துல ஊரு வாய வெக்கக்கூடாது."

"அப்ப நான் குடிச்சேன்னு ஊரு சொல்றது?"

முதலாளி கையிலிருந்த கிரீஸை வேட்டியில் துடைத்தார். அப்பா என்னைப் பார்த்தார். என் கன்னத்தில் இன்னும் சிவப்புத் தூள் இருந்திருக்கும். "சரிங்க" என்றார். எனக்காகத்தான் ஒத்துக்கொண்டார். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கிங்பின் ரெண்டையும் அடித்துக் கழற்றினார்கள். உருண்டையாக இருக்க வேண்டிய முளை, ஒரு பக்கம் கடித்துத் தின்ற கரும்பு மாதிரி இருந்தது. புது முளையும் புஷ்ஷும் நிப்பிளும் போட்டார்கள். அதற்கப்புறம்தான் மேஸ்திரியின் நூலுக்கு வேலை. பழைய முளை ஒன்றை நான் எடுத்து வந்து ரொம்ப வருஷம் வைத்திருந்தேன். கதவுக்கு முட்டுக் கொடுக்க ஆகும். வீடு மாறும்போது எங்கோ போய்விட்டது. இருந்தால் கல்யாண வீட்டுப் பந்தியில் கொண்டுவந்து வைத்திருப்பேன்.

அம்மாவிடம் அன்றைக்கே சொல்லிவிட்டேன். அம்மா ரொம்ப நேரம் அரிசியில் கல் பொறுக்கினாள். தெரு முழுக்கப் பார்க்க ஊதச் சொன்னவளால், தெரு முழுக்கப் பார்க்க அதைத் திருப்பி வாங்க முடியவில்லை. தண்ணீர்க் குழாயடியில் உங்கள் அம்மாக்கள் "பாவம், குடிகாரனக் கட்டினு" என்று சொன்னபோதெல்லாம் பேசாமல் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவளுக்கு அது தண்டனை என்று அப்போது நினைத்தேன். இப்போது அவ்வளவு உறுதியாக நினைக்கவில்லை. அவளும் எனக்காகத்தான் வாயை மூடிக்கொண்டாளோ என்னவோ.

ஆகஸ்ட் வந்தது. லாரிக்கு மறுபடியும் நீலம். அடியில் மறுபடியும் நான்தான் போனேன். இந்தத் தடவை அப்பா முதலில் உள்ளே வந்து, நாலு நிப்பிளுக்கும் நாலு துணிக் கிழிசலைச் சுற்றிக் கட்டிவிட்டுப் போனார். முதலாளி வந்து குனிந்து பார்த்தார். நிமிர்ந்து, தலையாட்டிவிட்டுப் போனார். அந்த வருஷம் மாதாவின் வண்டியில் நீலம் படாத இடம் அந்த நாலுதான்.

தேர் கிளம்பியது. அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஓட்டினார். நான் வலது முன்சக்கரத்தை ஒட்டியே நடந்தேன். ஆட்டம் இல்லை, சத்தம் இல்லை. புதிதாகப் பூசிய ரொட்டிக்கடைச் சுவருக்கு நேரே வந்தபோது, கால் சரியாகாமல் கம்பு ஊன்றி வாசலில் நின்றிருந்தவரை அப்பா பார்த்தார். ஸ்டீயரிங்கிலிருந்து ரெண்டு கையையும் எடுத்தார். கோணல் மணிக்கட்டோடு கைகூப்பினார். லாரி தன்பாட்டுக்குப் போனது. நூல் பிடித்தது போல நேராக, அந்தச் சுவர் முழுவதும் தாண்டுகிற வரைக்கும் அப்பா கையை இறக்கவில்லை.

எனக்குப் பின்னால் கூட்டத்தில் யாரோ சொன்னார்கள்: "பாரு, மாதாவ வெச்சினு ரெண்டு கையையும் வுட்டுட்டு ஓட்றான். இன்னிக்கும் ஏத்தினு வந்துட்டான்."

சொன்னது யார் என்று எனக்குத் தெரியும். பாயசம் குடித்தவளின் அப்பா.

அவர் ரெண்டு கையையும் விட்டார். அது நிஜம். விட்ட பிறகும் வண்டி நேராகப் போனது. அதை நான் ஒருத்திதான் பார்த்தேன்.